முனீஸ்வரி கல்யாணத்து மழை

ஏழு கண்மாய் இருந்தும் குடிக்க ஒரு குடம் தண்ணீர் இல்லாத ஊர் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் நேராக எங்கள் ஏழுகண்மாய்க்கு வாருங்கள், முதல் கண்மாய்க்குள்தான் பஸ்ஸை விட்டு இறங்குவீர்கள், ஏனென்றால் பஸ் ஸ்டாண்டை அதற்குள்தான் கட்டியிருக்கிறார்கள், இரண்டாவதில் கோர்ட்டு, மூன்றாவதில் நகராட்சி அலுவலகம், நான்காவதில் கல்யாண மண்டபம், ஐந்தாவதில் தீயணைப்பு நிலையம், அங்கே வண்டி இருக்கிறது தண்ணீர் இல்லை, ஆறாவதில் பிளாட் போட்டு ‘லேக் வியூ நகர்’ என்று போர்டு வைத்திருக்கிறார்கள், ஏழாவதை எங்கே வைத்தோம் என்று ஊரில் ஒருத்தருக்கும் ஞாபகமில்லை.

இந்த ஊரில்தான் ஒரு ஹார்ட் டிஸ்கிலிருந்து மழை பெய்தது. ஏன் பெய்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் பிளஸ் ஒன்னோடு நின்றவள். படித்தவர்கள் நிறையப் பேர் வந்து பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டு, அவர்களும் தெரியாமல்தான் போனார்கள்.

அந்த டிஸ்க் என் சித்தி முனீஸ்வரியின் கல்யாண டிஸ்க். என் அம்மாவும் அப்பாவும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள், நான் சித்தியோடு இருக்கிறேன். சித்திக்குப் பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது, அல்லது நடக்கவில்லை, அதுதான் பிரச்சினையே. பந்தலில் மாப்பிள்ளை ரத்தினவேல் தாலியைக் கையில் எடுத்து முதல் முடிச்சைப் போடும்போது வானம் பிளந்துகொண்டு மழை வந்தது, பந்தல் சரிந்தது, நாதஸ்வரக்காரர் தவிலுக்குள் தலையை விட்டுக்கொண்டார், சாம்பார் அண்டாவில் மழை விழுந்து ரசமானது, ஆளாளுக்கு ஓடினார்கள், நாற்பது நிமிஷம் கழித்து மழை விட்டபோது சித்தி மட்டும் மணையில் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள், கழுத்தில் தாலி தொங்கியது, மாப்பிள்ளையைக் காணவில்லை. அவர் சாயங்கால பஸ்ஸில் போனவர் போனவர்தான். இப்போது ஈரோட்டுப் பக்கம் வேறு பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள்.

முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவது, மற்ற இரண்டும் நாத்தனார் போடுவது, மூன்றும் விழுந்தால்தான் கல்யாணம். மூன்றும் விழுந்துவிட்டது என்று சித்தியின் மாமியார் பூமயில் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அவள் மகன் பாதியில் ஓடினான் என்று பேர் வந்துவிடக் கூடாதே. நாத்தனார் சிங்கப்பூரில் இருக்கிறாள், போனில் இதைக் கேட்டால் மட்டும் லைன் கட்டாகிவிடும். முடிச்சை எண்ணிப் பார்க்கலாமே என்றால், மழையில் நனைந்து இறுகிய கயிறு புளியங்கொட்டை மாதிரி ஒரே கட்டியாகிக் கிடந்தது, ஒன்றா மூன்றா என்று கடவுளுக்கும் தெரியாது. பொம்பளைகள் எல்லாம் ஆடிப்பெருக்குக்குக் கயிறு மாற்றும்போது சித்தி மட்டும் அந்தக் கறுத்த கயிற்றையே போட்டிருந்தாள்.

“கழட்டிப் போட வேண்டியதுதானே” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஒருவேளை மூணும் விழுந்திருந்தா?”

“விழுந்தா என்ன சித்தி? அந்த ஆளே இல்ல.”

“அந்த ஆளுக்காக இல்லடீ. என் கழுத்துல என்ன கிடக்குன்னு எனக்குத் தெரியணும்.”



ஊரார் வைத்த குற்றம் வேறு. பச்சரிசி தின்கிற பெண்ணுக்குக் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். சித்தி சின்ன வயதில் அரிசி கொட்டி வைக்கும் குருதாலிக்குள் கையை விட்டு அரிசி அள்ளித் தின்பவள், பார்க்காதவர்கள் கிடையாது. “தின்னுதின்னே பந்தலைச் சாச்சுட்டா” என்று பூமயில் சொன்னதை ஊரே சொன்னது. அன்றிலிருந்து சித்தி பச்சரிசியைத் தொட்டதில்லை. உலை வைக்கும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

உண்மை தெரிய ஒரே வழி கல்யாண வீடியோ. அது அருள் அண்ணாச்சியிடம் இருந்தது. அவர் அருள் வீடியோஸ் என்று கடை வைத்திருக்கிறார், ஊரில் பாதிப் பேர் கல்யாணம் அவர் எடுத்ததுதான். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் நிரம்பினால் கழற்றி, மிச்சமான கல்யாணப் பத்திரிகைக் கவருக்குள் போட்டு, தேதி எழுதி பீரோவில் அடுக்கிவிட்டு, புது டிஸ்க் மாட்டிக்கொள்வார். அப்படி அறுபத்தொரு டிஸ்க் இருந்தது. அதில் ஒன்றைத் திரும்பப் பார்க்க வேண்டுமென்றால் சிபியூ மூடியைக் கழற்றி, உள்ளே குனிந்து, ஒயரைப் பிடுங்கி, பழையதை மாட்டி, பார்த்தபின் மறுபடி பிடுங்கி, அத்தனையும் செய்ய வேண்டும். சித்தி பதிமூன்று வருஷமாகக் கேட்டாள், அவர் பதிமூன்று வருஷமாக இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

நான் அவர் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே டாக்கிங் ஸ்டேஷன் ஒன்றை வாங்க வைத்தேன், சுருக்கமாக டாக். பெரிய வித்தை ஒன்றுமில்லை, செங்கல் அளவு கறுப்புப் பெட்டி, மேலே இரண்டு வாய், பையில் சிலேட்டைச் சொருகுவது மாதிரி டிஸ்கை நிறுத்திச் சொருகினால் போதும், மூடியைக் கழற்றவும் வேண்டாம், இடுப்பைப் பிடிக்கவும் வேண்டாம்.

“இம்புட்டுத்தானா?” என்றார் அண்ணாச்சி.

“இம்புட்டுத்தான் அண்ணாச்சி. இதுக்குப் பதிமூணு வருஷம்.”

அவர் முகம் கொஞ்சம் கோணியது. கோணட்டும்.

மத்தியானம் சித்தியை வரச் சொல்லி, அவள் டிஸ்கை எடுத்துச் சொருகினேன். நீல லைட் எரிந்தது, உள்ளே சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டது, திரையில் ‘முனீஸ்வரி–ரத்தினவேல்’ என்று ஒரு ஃபோல்டர் வந்தது, நான் அதன்மேல் கையை வைக்கவும் இடி இடித்தது. சித்திரை மாசம், உச்சி வெயில், ஒரு துண்டு மேகம் கிடையாது, அந்த வானத்திலிருந்து மழை கொட்டியது, மழையோடு மல்லிகைப் பூவும் கொஞ்சம் அட்சதையும் விழுந்தன, தெருவெல்லாம் சாம்பார் வாசனை, எங்கிருந்தோ பாதியில் நின்ற கெட்டிமேளம். மழைத்தூறல் விழுந்தால் கரண்டை நிறுத்துவது எங்கள் ஊர் வழக்கமாதலால் கரண்டும் போனது, கம்ப்யூட்டரும் போனது. ஃபோல்டரை ஒருமுறை தொட்டால் போதும்போல, கரண்ட் போனதைப் பற்றி மழை கவலைப்படவில்லை. சரியாக நாற்பது நிமிஷம் பெய்து, சரியாக ஊர் எல்லைப் பலகை வரைக்கும் பெய்து, வெட்டியது மாதிரி நின்றது.

சித்தி வாசலில் நின்று கையை நீட்டினாள். “இது என் மழை” என்றாள். அடையாளம் சொல்வது மாதிரிச் சொன்னாள், அவ்வளவுதான்.

மறுநாள் இன்னொரு தடவை சொருகினேன், ஃபோல்டரைத் தொட்டேன், இடி, மழை, கரண்ட் கட். அடுத்த நாளும் அதே. நான்காம் நாள் கடை வாசலில் ஊரே குடத்தோடு நின்றது.

எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அவர்கள் எதற்கும் ஆச்சரியப்பட மாட்டார்கள், ஆனால் எதையும் வரிசைப்படுத்திவிடுவார்கள். ஒரு வாரத்தில் அந்த மழைக்கு நேரம் வந்துவிட்டது, செவ்வாயும் வெள்ளியும் பத்தரைக்கு. ஆட்டோவில் மைக் கட்டி “துணி காயப் போட்டவங்க எடுத்துக்கலாம்” என்று அறிவிப்பு வந்துவிட்டது. எப்போது சொருகினாலும் அதே மழைதானே, சொட்டுக்குச் சொட்டு அதே மழை, ஆகவே ஊருக்கு அது மனப்பாடமானது, ஏழாவது நிமிஷம் சாரல் மேற்கே திரும்பும் என்று டீக்கடைக்காரர் ஆறாவது நிமிஷமே பெஞ்சை ஓரடி நகர்த்தினார், பன்னிரண்டாவது நிமிஷம் கோர்ட்டுக்குப் பின்னால் ஒரே தென்னை மரத்தில் இடி விழுந்தது, மரம் முதல் வாரமே கரிக்கட்டையாகிவிட்டாலும் இடி விடாமல் வந்து அதன்மேல் விழுந்தது, இருபதாவது நிமிஷம் பெரிய துளி, அப்போது சோப்புப் போட்டால் முப்பத்தெட்டுக்குள் குளித்துவிடலாம். இடி சத்தத்தில் குழந்தை முழிக்கிறது, இடியை மட்டும் நீக்கித் தர வேண்டும் என்று ஒரு அம்மா மனு கொடுத்தார். மனு பரிசீலனையில் இருக்கிறது. கோர்ட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நின்றது, கண்மாய்க்குள் கோர்ட்டைக் கட்டியது யார் என்று வழக்குப் போட்டார்கள், அந்த வழக்கை விசாரிக்கக் கோர்ட்டுக்குள் போக முடியவில்லை.

மற்ற அறுபது டிஸ்கையும் எடுத்துச் சொருகிப் பார்க்கச் சொன்னார்கள். பெரும்பாலானவை வெறும் வெயில். நல்ல முகூர்த்தம், நல்ல வெளிச்சம் என்று அந்தக் காலத்தில் பீற்றிக்கொண்ட குடும்பங்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டன, ‘வறண்ட கல்யாணக்காரங்க’ என்று ஊர் அவர்களுக்குப் பேர் வைத்தது. அண்ணாச்சி கேமராவில் தேதி வைக்கத் தெரியாமல் ஜனவரி ஒன்று என்றே ஓடவிட்ட ஒரு டிஸ்கைச் சொருகினால், கத்திரி வெயிலில் மார்கழிப் பனி இறங்கி ஊரே தும்மியது. ஒன்றில் மிளகாய் வற்றலை நனைக்கிற அளவுக்குத் தூறல். ஒன்றில் நல்ல மழை, ஆனால் டிஸ்க் கடக் கடக் என்று இரண்டு தடவை அடித்துவிட்டு உயிரை விட்டது. ஆகக் கடைசியில் மிஞ்சியது சித்தியின் மழைதான்.

அன்றிலிருந்து பூமயிலுக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. “எங்க வீட்டுக் கல்யாண மழைதான் ஊருக்கே குடிதண்ணி” என்று சொல்ல ஆரம்பித்தாள். பந்தலைச் சாய்த்த பச்சரிசி இப்போது புண்ணியமாகிவிட்டது. “என் மருமக சின்ன வயசுலயே ஊருக்காக அரிசி தின்னவ” என்று தெருக்குழாயடியில் சொல்லியிருக்கிறாள். அந்தக் குழாயில் காற்றுதான் வரும், ஆனாலும் பேச இடம் வேண்டுமே.

நகராட்சி சேர்மன் தவமணி மழைப் பராமரிப்புக் குழு என்று ஒன்றை அமைத்து, டிஸ்கையும் டாக்கையும் அலுவலகத்துக்குக் கொண்டுபோய்விட்டார். அலுவலகத்தில் ஜெனரேட்டர் இருந்தது. கரண்ட் போனாலும் கம்ப்யூட்டர் ஓடும். ஆகவே நானும் சித்தியும் போய் நின்றோம்.

“வீடியோவை ஒரு தடவை பாத்துக்கிறேன் ஐயா. ரெண்டு நிமிசம் போதும்” என்றாள் சித்தி.

“தீர்மானம் போட்டிருக்கும்மா. உள்ள இருக்கிற எதையும் யாரும் திறக்கக் கூடாது. திறந்து திறந்து தேஞ்சு போச்சுன்னா மழையும்ல சேந்து தேஞ்சிரும்.”

“என் கல்யாணம் ஐயா அது.”

“உன் கல்யாணம்தான். மழை பொதுச்சொத்து.”

“பாத்தா தேயாது” என்றேன் நான். “மாவாட்டுற கல்லா அது?”

சேர்மன் என்னைப் பார்த்தார். “நீ எதுவரைக்கும் படிச்சிருக்க?”

“பிளஸ் ஒன்.”

“பாஸா?”

 குழுவில் இருந்த ஒன்பது பேரும் சிரித்தார்கள். அந்த ஒன்பது பேரில் ஒருத்தருக்கும் டிஸ்கை எந்தப் பக்கம் பிடித்துச் சொருகுவது என்று தெரியாது, செவ்வாயும் வெள்ளியும் என்னைத்தான் கூப்பிட்டு அனுப்புவார்கள், குழுவின் கண் முன்னாலேயே நான் சொருகி, ஃபோல்டரைத் திறக்காமல் தொட மட்டும் செய்ய வேண்டும், நாற்பது நிமிஷம் கழித்து உருவிக் கொடுக்க வேண்டும்.

சித்தி விடவில்லை, ஒவ்வொரு வாரமும் மனு எழுதினாள், கடைசியில் சேர்மன் ஒரு வாக்குக் கொடுத்தார். டிஸ்க் என்றைக்கிருந்தாலும் சாகும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்ததால், அதை இன்னொரு டிஸ்குக்கு நகல் எடுக்கப் போகிறார்கள், அமைச்சர் வந்து தொடங்கி வைக்கிறார், அந்த நகல் சித்திக்கு, அதை அவள் எத்தனை தடவை வேண்டுமானாலும் தேய்த்துக்கொள்ளலாம்.

டாக்கில் நகல் எடுக்கக் கம்ப்யூட்டரே வேண்டாம், ஃபோல்டரைத் தொடவும் வேண்டாம், ஆகவே மழையும் வராது. இடது வாயில் பழைய டிஸ்க், வலது வாயில் புது டிஸ்க், குளோன் என்று ஒரு பட்டன், மூன்று செகண்ட் அமுக்கிப் பிடித்தால் இடது பக்கம் இருப்பது அப்படியே வலது பக்கம் போகும். நாலு சின்ன லைட் ஒவ்வொன்றாக எரியும், கால், அரை, முக்கால், முழுசு. வாய்க்குக் கீழே இங்கிலீஷில் எது எந்த வாய் என்று பொடியாக எழுதியிருக்கும். மாற்றிச் சொருகினால் காலி டிஸ்கின் காலி பழைய டிஸ்குக்குப் போய்விடும். வீட்டில் இதைச் சித்தியிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன், “இடது தாய், வலது பிள்ளை” என்று அவளும் திருப்பிச் சொல்வாள்.

விழா கல்யாண மண்டபத்தில். மேடையில் பட்டுத்துணி விரித்த மேசை, மேசைமேல் டாக். முன்வரிசையில் பூமயில், ‘மழை தந்த மாமியார்’ என்று அவளுக்குச் சால்வை வேறு. அமைச்சர் குடிப்பதற்கு, சித்தி கல்யாணத்து மழையையே பாட்டிலில் பிடித்து வைத்திருந்தார்கள். வாசலில் வரிசையாக அதே மழை நிரம்பிய டிரம்கள்.

எங்கள் ஊரில் புதுசாக எது வந்தாலும், லாரியோ கிரைண்டரோ, சந்தனம் குங்குமம் வைக்காமல் தொட மாட்டார்கள். குழுவில் ஒரு அம்மா வந்து டாக்குக்கும் வைத்தார், பொட்டு வைக்கத் தோதாக எங்கே என்று பார்த்து, இரண்டு வாய்க்கும் கீழே, எழுத்துக்கு மேலே, கட்டை விரலால் அப்பினார்.

“அம்மா, எழுத்து மறையுது” என்றேன்.

“மங்களகரமான காரியத்துல எழுத்தென்ன பாப்பா எழுத்து.”

ஒன்று.

அடுத்து சேர்மன் மழை டிஸ்கை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். நான் வாங்கி இடது வாயில் வைக்கப் போனேன், என் கையைப் பிடித்துவிட்டார்.

“வலது பக்கம் வை.”

“இது இடது பக்கம்தான் வைக்கணும் ஐயா. மாத்தி வச்சா…”

“நல்ல காரியத்தை எவளாவது இடதுல ஆரம்பிப்பாளா? நீ கல்யாணமாகிப் போனா எந்தக் காலை எடுத்து வைப்ப?”

“இது காலு இல்லய்யா.”

“வாயடிக்காத. வலது பக்கம் வை.”

இரண்டு.

வைத்தேன். மழை வலது வாயில், கடையில் வாங்கிய அதே அளவு காலி டிஸ்க் இடது வாயில். சரி, அமைச்சர் வரட்டும், அவரிடம் சொல்லலாம் என்று நின்றேன். நிஜமாகவே சொல்லத்தான் நின்றேன். அப்போதுதான் சித்தி மேடை ஓரம் வந்து சேர்மனிடம் கேட்டாள்.

“முடிஞ்சதும் அந்த டிஸ்கை என்கிட்டக் குடுத்துருவீங்கல்ல ஐயா?”

“எது? நகலா? அது அமைச்சர் ஊருக்கும்மா. அவுங்க ஊர்லயும் தண்ணி இல்ல. தென்னந்தோப்பெல்லாம் வாடுதாம்.”

“எனக்குன்னு சொன்னீங்க.”

“அடுத்த கட்டத்துல பாப்போம். பதிமூணு வருசம் பொறுத்தவளுக்கு ஒரு ஆறு மாசம் பொறுக்க முடியாதா?”

சித்தி மேசையைப் பார்த்தாள். சந்தனத்தைப் பார்த்தாள், வலது வாயில் நிற்கும் டிஸ்கைப் பார்த்தாள், அதன்மேல் அண்ணாச்சி மார்க்கரில் எழுதிய அவள் பெயரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். தலையை லேசாக ஆட்டினாள். ஆட்டினாளா, கொசுவை விரட்டினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, நான் கேட்கவுமில்லை.

அமைச்சர் வந்தார். பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு, போட்டோவுக்குச் சிரித்தபடியே, நல்ல மனுஷர், என்னிடம் கேட்டார், “என்ன பாப்பா, எல்லாம் சரியா இருக்கா?”

அது மூன்றாவது தடவை. என்னை அன்றைக்கு ஒருத்தர் கேட்டது அது ஒன்றுதான்.

“சரியா இருக்கு ஐயா. மூணு செகண்ட் அமுக்கிப் பிடிங்க.”

பிடித்தார். கைதட்டினார்கள்.

முழுசும் முடிய இரண்டு மணி நேரம் ஆகும், மேடையில் பேசுகிறவர்கள் இருந்ததும் அதற்குத் தோதாகத்தான். சேர்மன் பேசினார், மழையைக் கொண்டுவந்தது யார் என்று கேட்டு அவரே பதிலும் சொன்னார். முதல் லைட் எரிந்தபோது பாட்டிலில் தண்ணீர் கால்வாசி குறைந்திருந்தது. யாரும் பார்க்கவில்லை. ஏழாவது கண்மாயைக் கண்டுபிடிக்கத் தனிக்குழு அமைக்கப்படும் என்று ஒருவர் பேசினார், இரண்டாவது லைட் எரிந்தது, வாசலில் டிரம்கள் அரைவாசியாயின, காலையில் துவைத்து மண்டபத்துப் பின்னால் போட்டிருந்த ஈரத்துணிகள் மொடமொடவென்று காய்ந்தன. பூமயிலைப் பேசச் சொன்னார்கள், அவள் மைக்கைப் பிடித்து, “மூணு முடிச்சும் முறையா விழுந்த கல்யாணம் அது, அதான் இன்னிக்கு வரைக்கும் பெய்யுது” என்றாள், மூன்றாவது லைட் எரிந்தது, மண்டபத்து நிலைப்படியில் மாதக்கணக்கில் பிடித்திருந்த பாசி பவுடராக உதிர்ந்தது, கோர்ட்டுக்குள் நின்ற தவளைகள் அத்தனையும் ஒன்றாகக் கத்தி ஒன்றாக நிறுத்தின. கடைசியாக அமைச்சர் எழுந்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு பாட்டிலைக் கையில் எடுத்துக் கவிழ்த்தார். ஒரு மல்லிகைப் பூ விழுந்தது. காய்ந்த பூ.

நாலாவது லைட் எரிந்தது.

சித்தியின் கழுத்திலிருந்த கயிறு அப்போதுதான் அவிழ்ந்தது. யாரும் தொடவில்லை. பதிமூன்று வருஷத்து ஈரம் அந்தப் புளியங்கொட்டைக் கட்டியிலிருந்து போனதும் அது சின்னதாக நெகிழ்ந்து, நெளிந்து, மடியில் வந்து விழுந்தது. சித்தி அதை எடுத்து இரண்டு கைக்கும் நடுவில் நீட்டிப் பிடித்தாள். நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். இத்தனை வருஷம் கட்டிக்கிடந்த கயிறு, முடிச்சு எங்கே இருந்ததோ அங்கே மடிந்த தடம் இல்லாமல் போகாது. மஞ்சள் வெளுக்காமல் ஒளிந்திருந்த ஒரு மடிப்பு இருந்தது. ஒன்று. மற்றபடி முனை வரைக்கும் நேரான கயிறு.

சித்தி நகத்தால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நிமிண்டிப் பார்த்தாள். மறுபடி அந்த முனையிலிருந்து இந்த முனை வரை. எழுந்தாள். வாசலில் டிரம்மைப் பார்த்துவிட்டு ஜனம் கத்தத் தொடங்கியிருந்தது, சேர்மன் டாக்கைத் தூக்கித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், சந்தனம் உதிர்ந்து எழுத்து தெரிந்தது, அதையும் யாரும் படிக்கவில்லை. சித்தி இத்தனைக்கும் நடுவில் முன்வரிசைக்குப் போய், சால்வையோடு உட்கார்ந்திருந்த பூமயிலின் மடியில் கயிற்றை வைத்தாள்.

“அத்தை, ஒண்ணுதான். நீங்களும் எண்ணிப் பாத்துக்கங்க.”

பூமயில் எண்ணவில்லை. ஒன்றை எண்ண என்ன இருக்கிறது.

அதற்குப் பிறகு என்ன ஆனது என்றால், ஒன்றும் ஆகவில்லை. அமைச்சர் மறு டிஸ்கைப் பத்திரமாகக் காரில் எடுத்துப் போனார், அவர் ஊரிலும் அதை விழா வைத்துச் சொருகியிருப்பார்கள். எங்கள் ஊரில் வெறும் டிஸ்கை இன்னும் செவ்வாயும் வெள்ளியும் பத்தரைக்குச் சொருகுகிறார்கள், ஆட்டோ வருகிறது, துணியை எடுக்கிறார்கள், டீக்கடைக்காரர் ஆறாவது நிமிஷம் பெஞ்சை நகர்த்துகிறார், நாற்பது நிமிஷம் ஊரே வானத்தைப் பார்க்கிறது, துணியை மறுபடி காயப் போடுகிறார்கள். மழை வராததற்குக் காரணம் என்னவென்று ஆராய்ந்த குழு, டாக்கையோ டிஸ்கையோ ஆராயாமல், மழைக்கு மூலகாரணம் பச்சரிசிதான் என்று கண்டுபிடித்து, கல்யாணமாகாத பெண்கள் ஒவ்வொருத்திக்கும் வாரம் கால் கிலோ பச்சரிசி வழங்குவது, அதை அலுவலர் முன்னிலையிலேயே தின்ன வைப்பது, பிறகு அவர்கள் கல்யாணத்தை அருள் வீடியோஸ் மூலம் பதிவுசெய்து மழையை டிஸ்கில் சேமிப்பது என்று தீர்மானம் போட்டது.

நானும் வரிசையில் நின்றேன். சும்மா தருகிற அரிசியை எதற்கு விட வேண்டும். எனக்கு முன்னால் சித்தி நின்றாள், முப்பத்தைந்து வயது, கழுத்தில் ஒன்றுமில்லை. ஆபீஸ் பையன் பேனாவை வைத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

“அக்கா, இது கல்யாணம் ஆகாதவங்களுக்கு.”

“தெரியும்” என்றாள் சித்தி. “பேரு முனீஸ்வரி. ஆகலைன்னு எழுதிக்க.”

அவன் சேர்மன் அறையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு எழுதினான். சித்தி பொட்டலத்தைப் பிரித்து, கை நிறைய அள்ளி வாயில் போட்டு, அலுவலர் முன்னிலையில், கருக்மொருக்கென்று மென்றாள்.